சம்மரி ரூட் போட்ட இடத்தில் லூப்: நல் ரூட்டை எந்த ரவுட்டரில் வைப்பது?

#1 அம்பத்தூர்_லிங்க்

வணக்கம். அமைப்பு இதுதான். கிண்டியில் தலைமை அலுவலகம், அங்கே கோர் ரவுட்டர். அம்பத்தூர் கிளையில் 12 சப்நெட்: 10.20.16.0/24 தொடங்கி 10.20.27.0/24 வரை. நடுவில் 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். கிண்டி முனை 172.16.5.1, அம்பத்தூர் முனை 172.16.5.2. கிண்டியில் 12 வரி எழுதாமல், எல்லாவற்றையும் சேர்த்த சம்மரியாக 10.20.16.0/20 என்று ஒரே ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் வழி) அம்பத்தூர் பக்கம் காட்டி, அதை ஓஎஸ்பிஎஃப்-க்குள் (ரவுட்டர்கள் வழிகளைத் தமக்குள் பகிரும் புரோட்டோகால்) ரீடிஸ்ட்ரிப்யூட் செய்து பரப்பியிருக்கிறார்கள். அம்பத்தூரில் டிஃபால்ட் ரூட் (வேறு எதுவும் பொருந்தாதபோது போகும் வழி) கிண்டிக்கு.

கோயம்புத்தூர் கிளை 10.20.30.0/24. அது தனி லிங்க்கில் கிண்டிக்கு ஓஎஸ்பிஎஃப் வழியாக வருகிறது.

சிக்கல்: கோயம்புத்தூர் லிங்க் விழுந்தால் அம்பத்தூர் லைன் நிரம்பி வழிகிறது. 10.20.30.10-க்கு ட்ரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களைக் காட்டும் கட்டளை) போட்டால் 172.16.5.2, 172.16.5.1 என்று இரண்டு ஐபியும் மாறி மாறி 30 ஹாப் வரை ஓடுகிறது. பிங் போட்டால் டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டரைக் கடக்கலாம் என்ற எண்) எக்ஸ்பயர்டு. கோயம்புத்தூர் போனதற்கு அம்பத்தூர் ஏன் அடிபட வேண்டும்? நல் ரூட் (பாக்கெட்டைக் கைவிடும் ரூட்) போடச் சொல்கிறார்கள். போட்டால் வேலை செய்துகொண்டிருக்கும் 12 சப்நெட்டும் செத்துவிடாதா?

#2 ஓஎம்ஆர்_ரவுட்டிங்

சாகாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

முதலில் கணக்கு. 10.20.16.0/20 என்றால் மூன்றாவது ஆக்டெட்டில் 16 முதல் 31 வரை 16 சப்நெட். உங்களிடம் இருப்பது 27 வரைதான். 28, 29, 30, 31 நான்கும் அம்பத்தூரில் இல்லை. ஆனால் "இவை என்னிடம் வந்து சேரும்" என்று அம்பத்தூர் பெயரில் கிண்டி ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரின் 30 அந்த ஓட்டைக்குள் விழுந்திருக்கிறது.

லிங்க் நன்றாக இருக்கும்போது கிண்டியில் /24, /20 இரண்டும் உண்டு. நீளமான ப்ரீஃபிக்ஸ்தான் (/-க்குப் பின் பெரிய எண்) ஜெயிக்கும், அதனால் பாக்கெட் கோயம்புத்தூருக்குச் சரியாகப் போகிறது. லிங்க் விழுந்ததும் /24 காணாமல் போகிறது. மிச்சம் /20. பாக்கெட் அம்பத்தூருக்குப் போகிறது. அங்கே 10.20.30-க்கு எதுவும் இல்லை, டிஃபால்ட் மட்டும் உண்டு. டிஃபால்ட் கிண்டிக்கு. கிண்டி மறுபடி /20 பார்த்து அம்பத்தூருக்கு. டிடிஎல் பூஜ்யம் ஆகும் வரை இதுதான்.

லைன் ஏன் நிரம்புகிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. லினக்ஸ் சார்ந்த கேமராவின் தொடக்க டிடிஎல் 64. கிண்டியிலிருக்கும் ஒரு கேமரா, கோயம்புத்தூர் என்விஆருக்கு (வீடியோ பதிவுப் பெட்டி) யுடிபி-யில் 2 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் போக 32 முறை, வர 31 முறை அந்த லைனைக் கடக்கும். 2 எம்பிபிஎஸ், ஒவ்வொரு திசையிலும் சுமார் 64 எம்பிபிஎஸ் கேட்கும். 50 எம்பிபிஎஸ் லைன் தாங்குமா? விண்டோஸ் மெஷின் என்றால் டிடிஎல் 128, அங்கே 1 எம்பிபிஎஸ்ஸே போதும். டிசிபி பதில் வராததால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். யுடிபி பதிலுக்குக் காத்திருக்காது, அடங்காது.

தீர்வு அம்பத்தூர் ரவுட்டரில் ஒரே வரி:

ஐபி ரூட் 10.20.16.0 255.255.240.0 நல்0

12 சப்நெட்டும் /24. நல் ரூட் /20. எப்போதும் /24 முந்தும். எந்த /24-ம் பொருந்தாதபோது மட்டும் /20 நல் பொருந்தும், டிஃபால்ட்டுக்குப் போகும் முன்பே பாக்கெட் விழுந்துவிடும்.

எந்த ரவுட்டரில் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிண்டியில் இதே /20-ஐ நல்லுக்குத் திருப்பக் கூடாது, அங்கே அது அம்பத்தூரைக் காட்டும் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் சின்ன சப்நெட்டுகளை அறிந்த ரவுட்டர் எதுவோ, சம்மரியை நம்பி அனுப்புபவரையே டிஃபால்ட்டாக வைத்திருப்பது எதுவோ, அதில்தான் நல்.

#3 தரமணி_லேப்

மேலே சொன்னது இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 4632-லேயே விதியாக இருக்கிறது (2006, சிஐடிஆர் எனும் /20 போன்ற முகவரித் தொகுப்பு முறையின் ஆவணம், பழைய 1519-க்குப் பதில் வந்தது). பல சின்ன ரூட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு ரூட் உருவாக்கும் ரவுட்டர், தொகுப்புக்குப் பொருந்தி உள்ளே எதற்கும் பொருந்தாத பாக்கெட்டைக் கைவிட்டே ஆக வேண்டும். உங்கள் விஷயத்தில் சம்மரியை உருவாக்கியது கிண்டியில் கையால் எழுதிய ஸ்டாட்டிக். அதனால் எந்தப் புரோட்டோகாலும் அம்பத்தூரில் தானாக நல் போடவில்லை. ஸ்டாட்டிக்கில் சம்மரி எழுதினால் எதிர்முனையில் நல்லையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

#4 அம்பத்தூர்_லிங்க்

அம்பத்தூரில் வரி போட்டாயிற்று. கோயம்புத்தூர் லிங்க்கை இரவில் ஷட் செய்து பார்த்தோம். ட்ரேஸ்ரூட் 172.16.5.2-வில் நின்றுவிட்டது, லைன் அமைதியாக இருக்கிறது. நன்றி சார்.

ஆனால் கோயம்புத்தூர் போக்குவரத்து அம்பத்தூர் வரை வந்து சாவதே வீண் இல்லையா? கிண்டியில் /20-க்குப் பதில் துல்லியமாக எழுதினால் என்ன?

#5 ஓஎம்ஆர்_ரவுட்டிங்

எழுதலாம். 16 முதல் 23 வரை ஒரு /21, மாஸ்க் 255.255.248.0. 24 முதல் 27 வரை ஒரு /22, மாஸ்க் 255.255.252.0. இரண்டே வரி, ஓட்டையே இல்லை. அம்பத்தூர் நல்லை அப்படியே விடுங்கள். 12-ல் ஒரு விலான் இன்டர்ஃபேஸ் (அந்த சப்நெட்டின் ரவுட்டர் முனை) விழுந்தாலும் அந்த /24 மறைந்து இதே லூப் வரும், அதற்கும் காவல் வேண்டும்.

#6 பெருங்குடி_ஃபயர்வால்

ஒரு நிமிடம், #5-ஐ அப்படியே செய்தால் லூப் இடம் மாறும், ஒழியாது. கிண்டி கோரின் டிஃபால்ட் எங்கே போகிறது? ஃபயர்வாலுக்கு. ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குக்கு என்ன ரூட்? பெரும்பாலும் 10.0.0.0/8 கோருக்கு. இதுவும் ஒரு சம்மரிதான், யாரும் அப்படி நினைப்பதில்லை.

இப்போது கோயம்புத்தூர் விழுந்தால் கோரில் 10.20.30-க்கு /20-ம் இல்லை. டிஃபால்ட் பிடித்து ஃபயர்வாலுக்குப் போகும். ஃபயர்வால் /8 பார்த்துக் கோருக்கே திருப்பும். வந்த இன்டர்ஃபேஸ் வழியே திரும்பப் போவதைப் பாலிசி தடுத்தால் தப்பித்தீர்கள். பாலிசியை நம்பி ரவுட்டிங்கை விடக் கூடாது. கோரில்:

ஐபி ரூட் 10.0.0.0 255.0.0.0 நல்0 254
ஐபி ரூட் 172.16.0.0 255.240.0.0 நல்0 254
ஐபி ரூட் 192.168.0.0 255.255.0.0 நல்0 254

கடைசி 254 (டிஸ்டன்ஸ், அதாவது ஏடி; சிறிய எண் முந்தும்) ஏன்? நாளைக்கு யாராவது ஓஎஸ்பிஎஃப்-இல் உண்மையான /8 அறிவித்தால் அது முந்தட்டும் என்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். கிண்டியில் ஸ்டாட்டிக்கை ஓஎஸ்பிஎஃப்-க்குள் ரீடிஸ்ட்ரிப்யூட் செய்கிறீர்கள் என்று #1-இல் எழுதியிருக்கிறீர்கள். வடிகட்டி இல்லையென்றால் இந்த மூன்று நல் ரூட்டும் எல்லாக் கிளைக்கும் பரவும், வழி தொலைந்த எல்லாப் பாக்கெட்டையும் கிண்டிக்கு இழுக்கும். ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட்டில் /21, /22 இரண்டை மட்டும் அனுமதித்து, அதை ரூட் மேப்பில் கட்டி, ரீடிஸ்ட்ரிப்யூட் வரியில் ரூட் மேப்பைச் சேருங்கள். நல் வரிகளை அதற்குப் பிறகு போடுங்கள். வரிசை முக்கியம்.

கோயம்புத்தூருக்கு ஐபிசெக் டனல் (இன்டர்நெட் வழியே மறையாக்கிய இணைப்பு) பேக்கப் உண்டா? ஃபோர்டிகேட் ஃபயர்வாலில் முடிகிறது என்றால் அங்கேயும் இதே சிந்தனை. டனல் ரூட்டின் டிஸ்டன்ஸ் 10. அதே 10.20.30.0/24-க்கு பிளாக்ஹோல் ரூட் (நல் ரூட் போன்றதே) ஒன்று, டிஸ்டன்ஸ் 254. டனல் விழுந்தால் பாக்கெட் இன்டர்நெட் பக்கம் ஓடாமல் இங்கேயே விழும். இல்லையென்றால் செஷன் டிஃபால்ட் வழியில் உட்கார்ந்துவிடும், டனல் எழுந்த பிறகும் அது பழைய வழியிலேயே தொங்கும். விஓஐபி போன் பதிவாகாமல் நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

#7 அம்பத்தூர்_லிங்க்

டனல் உண்டு அண்ணா, பிளாக்ஹோல் சேர்க்கிறேன். அடுத்த கேள்வி: அம்பத்தூரையும் ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவந்து ஏரியா 1 (ஓஎஸ்பிஎஃப்-இன் ஒரு தனிப் பகுதி) ஆக்கப் போகிறோம். சம்மரியை ஏபிஆர் (இரு ஏரியாவின் எல்லையில் நிற்கும் ரவுட்டர்) செய்யும். அப்போது நல் தானாக வருமா, கையால் எழுத வேண்டுமா?

#8 தரமணி_லேப்

சிஸ்கோவில் தானாக வரும். ஏபிஆரில் 'ஏரியா 1 ரேஞ்ச்' எழுதியதும், அந்த ரேஞ்சுக்குள் ஒரு சப்நெட்டாவது ஏரியா 1-க்குள்ளிருந்து வந்தால், நல்0-க்கு ஒரு ரூட் ஏடி 110-இல் உட்காரும். ஏஎஸ்பிஆரில் (வெளி ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவரும் ரவுட்டர்) 'சம்மரி அட்ரஸ்' எழுதினால் ஏடி 254. இஐஜிஆர்பி (சிஸ்கோ உருவாக்கிய ரவுட்டிங் புரோட்டோகால்) சம்மரிக்கு ஏடி 5. பிஜிபி (தனித்தனி நெட்வொர்க்குகள் வழி பரிமாறும் புரோட்டோகால்) அக்ரிகேட், அதாவது சம்மரி என்றால் 200. ஷோ ஐபி ரூட்டில் சம்மரிக்கு நேரே நல்0 தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

ஏரியா ரேஞ்ச், ஏரியாவுக்குள் பிறந்த ரூட்டுகளை மட்டும்தான் சுருக்கும். வெளியிலிருந்து ரீடிஸ்ட்ரிப்யூட் ஆகி வந்தவற்றைத் தொடாது. அதற்கு ஏஎஸ்பிஆரில் சம்மரி அட்ரஸ்.

இஐஜிஆர்பி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளைக்கு டிஃபால்ட் மட்டும் அனுப்ப 0.0.0.0/0 என்று சம்மரி எழுதுவது பரவலான வழக்கம். எழுதிய உடனே ஹப் (மைய) ரவுட்டரில் 0.0.0.0/0 நல்0, ஏடி 5 உட்காரும். ஹப்பின் சொந்த டிஃபால்ட் ஸ்டாட்டிக் என்றால் ஏடி 1, பிழைத்தது. பிஜிபி-யில் 20-ஆகவோ இஐஜிஆர்பி எக்ஸ்டர்னலாக 170-ஆகவோ வந்தால் தோற்றுவிடும், மொத்த இன்டர்நெட்டும் நல்லுக்குப் போகும். லூப்பைத் தடுக்க வந்த ரூட்டே இணைப்பை அறுக்கும். சம்மரி வரியின் கடைசியில் ஏடி 250 சேருங்கள். புதிய ஐஓஎஸ்ஸில் 'சம்மரி மெட்ரிக்' வரியில் 'டிஸ்டன்ஸ் 250'.

மற்றவை: ஜூனிப்பரில் அக்ரிகேட் ரூட்டின் இயல்பான நெக்ஸ்ட் ஹாப் ரிஜெக்ட், அதாவது ஐசிஎம்பி (பிழை அறிவிக்கும்) பதில் அனுப்பிவிட்டுக் கைவிடும். டிஸ்கார்டு என்று எழுதினால் சத்தமின்றிக் கைவிடும். ப்ரிஃபரன்ஸ் 130. லினக்ஸில் 'ஐபி ரூட் ஆட் பிளாக்ஹோல்' அல்லது 'அன்ரீச்சபிள்'. மைக்ரோடிக்கில் பிளாக்ஹோல் வகை ரூட். லினக்ஸ் மேல் ஓடும் ரவுட்டிங் மென்பொருள்களில் சம்மரி எழுதினால் கெர்னலில் பிளாக்ஹோல் வந்துவிடும் என்று நம்பி விடாதீர்கள், ரூட் டேபிளைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் கையால் சேருங்கள்.

#9 சிறுசேரி_கோர்

ஓஎஸ்பிஎஃப்-க்குப் போகும்போது அம்பத்தூரில் ஏபிஆர் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் நல் ரூட் லூப்பைக் கொன்றுவிட்டு வேறொரு வியாதியைக் கொண்டுவரும். விரிவாகவே எழுதுகிறேன், இதில் அடிபடுபவர்கள் நிறைய.

ஏபிஆர் 1, ஏபிஆர் 2 இரண்டும் 10.20.16.0/20-ஐ ஏரியா 0-க்கு (மற்ற ஏரியாக்கள் சேரும் நடு ஏரியா) அறிவிக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு லிங்க், அது ஏரியா 0-வில். இப்போது ஏபிஆர் 1-லிருந்து உள்ளே டிஸ்ட்ரிப்யூஷன் சுவிட்சுக்குப் போகும் லிங்க் அறுகிறது. ஆனால் ஏபிஆர் 1-இல் நேரடியாக 10.20.16.0/24 ஒன்று உயிரோடு இருக்கிறது, ஏரியா 1-இல். ஒன்று இருந்தாலும் ரேஞ்ச் ஆக்டிவ். ஆகவே /20-ஐத் தொடர்ந்து அறிவிக்கும். கிண்டியிலிருந்து வருவதில் ஒரு பங்கு ஏபிஆர் 1-க்கு வந்து, மற்ற 11 சப்நெட்டுக்கும் நல்லில் விழும்.

"ஏபிஆர் 2 வழியாகப் போகலாமே?" போக முடியாது. ஏபிஆர் 2 ஏரியா 0-வுக்குத் தருவது /20 மட்டும், /24-கள் அல்ல. அந்த /20-ஐயும் ஏபிஆர் 1 எடுத்துக்கொள்ளாது: தன்னிடம் ஆக்டிவாக உள்ள அதே ரேஞ்ச் டைப் 3 எல்எஸ்ஏ-வாக (ஏபிஆர் பரப்பும் சம்மரி அறிவிப்பு) வந்தால் கண்டுகொள்ளக் கூடாது என்பது ஆர்எஃப்சி 2328, பகுதி 16.2. அதனால் 'நோ டிஸ்கார்டு ரூட் இன்டர்னல்' கொடுத்து நல்லை எடுத்தாலும் பயன் இல்லை. பாக்கெட் டிஃபால்ட்டைப் பிடித்து மறுபடி கிண்டிக்குப் போகும், பழைய லூப். அந்தக் கட்டளையை இதற்கு மருந்தாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரியான மருந்து: இரண்டு ஏபிஆருக்கும் நடுவில் ஏரியா 1-லும் ஒரு வழி. தனி கேபிள் இருந்தால் நல்லது. ஒரே கேபிள்தான் என்றால் டாட்1க்யூ (ஒரே கேபிளில் பல விலான்) சப்இன்டர்ஃபேஸ் இரண்டு: ஒரு விலான் ஏரியா 0, இன்னொன்று ஏரியா 1. அல்லது ஆர்எஃப்சி 5185-இன் மல்டி ஏரியா அட்ஜசென்சி, ஒரே இன்டர்ஃபேஸை இரண்டு ஏரியாவிலும் சேர்க்கும். ஏரியா 1 வழி இருந்தால் ஏபிஆர் 1 மற்ற 11 சப்நெட்டையும் ஏபிஆர் 2 வழியாக இன்ட்ரா ஏரியாவாகவே (ஏரியாவுக்குள்ளேயே) கற்றுக்கொள்ளும், நல்லைத் தொடவே தேவை வராது.

#10 வேளச்சேரி_ஐஎஸ்பி

இதே லூப் பப்ளிக் ஐபி-யிலும் உண்டு. ஐஎஸ்பி 203.0.113.8/29-ஐ உங்கள் ரவுட்டருக்கு ரூட் செய்கிறது. அந்த /29 ஒரு லான் இன்டர்ஃபேஸில் அப்படியே இருந்தால் பயம் இல்லை, இல்லாத ஐபி-க்கு ஏஆர்பி (இந்த ஐபி எந்த மெஷின் என்று கேட்கும் முறை) பதில் வராது, பாக்கெட் அங்கேயே சாகும். ஆனால் பலர் அதை நாட் (முகவரி மாற்றம்) பூலாக மட்டும் வைத்து, இரண்டு ஐபி பயன்படுத்துவார்கள். மீதி ஐபி-க்கு இன்டர்நெட்டிலிருந்து ஸ்கேன் வரும்போது ரவுட்டர் டிஃபால்ட்டைப் பிடித்து ஐஎஸ்பி-க்கே திருப்பும். ஸ்கேன் ஓயாது, லூப்பும் ஓயாது.

/29-க்கு நல் போடுங்கள். நாட் கெடாது: வெளியிலிருந்து உள்ளே வரும் பாக்கெட்டுக்கு முதலில் முகவரி மாற்றம், பிறகுதான் ரவுட்டிங். சிஸ்கோவிலும் அப்படி, மைக்ரோடிக்கிலும் அப்படி.

ஐபிவி6-இல் ஓட்டை இன்னும் பெரிது. /56 கிடைக்கும், லானில் ஒரு /64 மட்டும் வைப்பீர்கள். மீதி 255 /64-ம் லூப்புக்குத் திறந்து கிடக்கும். ஆர்எஃப்சி 7084 (2013) வாடிக்கையாளர் ரவுட்டர் இதைக் கைவிட்டே ஆக வேண்டும் என்கிறது. உங்கள் பெட்டி செய்கிறதா என்று வெளியிலிருந்து பயன்படுத்தாத ஒரு /64-க்கு ட்ரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள்.

#11 சிறுசேரி_கோர்

பிஜிபி எட்ஜ் (இன்டர்நெட்டை ஒட்டிய ரவுட்டர்) இரண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. சொந்த ப்ளாக்கை நல் ஸ்டாட்டிக் மூலம் நிலையாக அறிவிப்பது வழக்கம், ஃப்ளாப் ஆகாது (வந்து வந்து மறையாது). ஆனால் எட்ஜ் 1-இன் உள் லிங்க் விழுந்தாலும் அறிவிப்பு நிற்காது, வரும் எல்லாம் நல்லில் விழும். இரண்டு எட்ஜுக்கும் நடுவில் லிங்க் வைத்து, உள் சப்நெட்டுகளை அதன் வழியே பரிமாறிக்கொள்ளுங்கள். பிறர் ப்ரீஃபிக்ஸையும் சேர்த்து அக்ரிகேட் செய்யவே வேண்டாம். ஏஎஸ் பாத் (ரூட் கடந்து வந்த நெட்வொர்க்குகளின் பட்டியல்) தொலைந்தால் பிஜிபி-யின் லூப் கண்டுபிடிப்பே தொலைகிறது. அதைச் சரிக்கட்ட இருந்த ஏஎஸ் செட்டையும் ஆர்எஃப்சி 6472 (2011) வேண்டாம் என்றுவிட்டது.

#12 பெருங்குடி_ஃபயர்வால்

சோதனை முறை யாரும் முழுதாக எழுதவில்லை. சம்மரிக்குள் யாருக்கும் கொடுக்காத ஒரு ஐபி, உங்களுக்கு 10.20.29.1. கிண்டியிலிருந்து ட்ரேஸ்ரூட். முதல் நல்லில் நின்றால் சரி, இரண்டு ஐபி மாறி மாறி வந்தால் லூப். பிறகு அம்பத்தூரில் ஷோ ஐபி ரூட் 10.20.29.1, பதிலில் நல்0 வர வேண்டும். எங்கோ லூப் இருக்கிறது, இடம் தெரியவில்லை என்றால் 'ஷோ ஐபி ட்ராஃபிக்'கில் 'பேட் ஹாப் கவுண்ட்' எண்ணிக்கையைச் சில நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். ட்ரேஸ்ரூட்டும் அதைக் கொஞ்சம் ஏற்றும். நிற்காமல் ஆயிரக்கணக்கில் ஏறினால் அந்த ரவுட்டரில் டிடிஎல் செத்துக்கொண்டிருக்கிறது.

நல்லில் விழும் பாக்கெட்டுக்கு சிஸ்கோ ஐசிஎம்பி அன்ரீச்சபிள் அனுப்பும், இயல்பாக 500 மில்லிசெகண்டுக்கு ஒன்று. உள் நெட்வொர்க்கில் அதை விட்டுவையுங்கள், அப்ளிகேஷன் உடனே தோல்வி அறியும். இன்டர்நெட் எட்ஜில் மட்டும் நல்0 இன்டர்ஃபேஸில் 'நோ ஐபி அன்ரீச்சபிள்ஸ்'.

#13 அம்பத்தூர்_லிங்க்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: /21, /22 என்று இரண்டாக வைப்பதா, கோயம்புத்தூரை வேறு ப்ளாக்குக்கு மாற்றி /20-ஐச் சுத்தமாக்குவதா? அங்கே சுமார் 60 மெஷின்.

#14 ஓஎம்ஆர்_ரவுட்டிங்

60 மெஷின்தான் என்றால் மாற்றுங்கள். அம்பத்தூர் வளர்ந்தால் 28 முதல் 31 வரை அவர்களுக்கே தேவைப்படும். கோயம்புத்தூருக்கு 10.20.32.0/20 ஒதுக்கி, முதல் சப்நெட் 10.20.32.0/24.

விண்டோஸ் டிஎச்சிபி லீஸ் (தானாகக் கிடைக்கும் ஐபி-யின் காலம்) இயல்பாக 8 நாள். முதலில் 4 மணி நேரமாகக் குறையுங்கள். கிளையண்ட் பாதி லீஸில்தான் புதுப்பிக்கும், ஆகவே 4 நாளாவது காத்திருங்கள், லீவில் மூடிக் கிடக்கும் லேப்டாப்புக்கு இன்னும் கொஞ்சம். பிறகு விலான் இன்டர்ஃபேஸில் புது ஐபி-யைப் பிரைமரியாகவும் பழையதை செகண்டரியாகவும் வையுங்கள். தலைகீழாக வைத்தால் டிஎச்சிபி ரிலே பழைய முகவரியையே சொல்லி பழைய ஸ்கோப்பிலிருந்தே (டிஎச்சிபி வழங்கும் முகவரித் தொகுப்பு) ஐபி வாங்கித் தரும். பழைய ஸ்கோப்பை நிறுத்துங்கள். 4 மணி நேரத்தில் கணினிகள் மாறிவிடும்.

மிஞ்சுவது கையால் ஐபி கொடுத்தவை: பிரின்டர், பயோமெட்ரிக், என்விஆர். கிண்டி கேமராக்களில் என்விஆர் முகவரியையும் மாற்ற வேண்டும், மறந்தால் அந்த யுடிபி இன்னும் 10.20.30-க்கே போய் அம்பத்தூர் நல்லில் விழுந்துகொண்டிருக்கும். டனலின் இரு முனையிலும் செலக்டர் (டனலுக்குள் அனுமதிக்கும் சப்நெட்), ஃபயர்வால் ஆப்ஜெக்ட், பிளாக்ஹோல் ரூட் மூன்றிலும் புது /24. செகண்டரியை எடுக்கும் முன் அந்த ரவுட்டரின் ஏஆர்பி டேபிளில் 10.20.30 மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் எடுத்துவிட்டு, கிண்டியில் /21, /22 போய் /20 வரலாம், ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். அம்பத்தூரின் நல் வரியை மட்டும் தொடாதீர்கள், 28 முதல் 31 வரை இன்னும் காலிதான்.